காலந்தாழ்ந்த மொழிபெயர்ப்பு: லவ்கிராஃப்டின் பேரண்ட அச்சமும் அறிவியல் புனைவுத் திரைப்படங்களும்

அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் (1890-1937) தாக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உருவங்களை எண்ணிக் கணக்கிடுகின்றனர். எந்தப் படத்தில் பற்றுக்கைகள் வருகின்றன, எந்தப் படத்தில் கோழை வடியும் உடல்கள் வருகின்றன, எந்தப் பாத்திரத்தின் பெயர் எந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் பட்டியல்களே தாக்க ஆய்வு என்ற பெயரில் உலவுகின்றன. இவை பயனற்றவை அல்ல. ஆயினும் ஓர் எழுத்தாளரின் அச்ச உலகம் எழுத்திலிருந்து காட்சிக்குப் பெயர்ந்தபோது எது பெயர்ந்தது, எது பெயர மறுத்தது என்னும் வினாவிற்கு இப்பட்டியல்களில் விடையில்லை. அவ்வினா மொழிபெயர்ப்பியல் சார்ந்தது. ரோமன் யாகப்சன் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் மொழிபெயர்ப்பை மொழியகத்தது, மொழியிடையது, குறியமைப்பிடையது என மூவகைப்படுத்தினார். கதை படமாவது மூன்றாம் வகை. ஆனால் லவ்கிராஃப்டைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. அவருடைய முதன்மையான கதைகளே மொழிபெயர்ப்பைப் பற்றிய கதைகள்தாம். இவ்விரண்டாம் செய்தியே சிறந்த படங்களுக்குள் சென்று சேர்ந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பேரண்ட அச்சம் என்பது யாது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களும், மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களும் கூறுவார். அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் ஏதோ ஒரு வகையில் மனிதனைப் பொருட்படுத்துவன. வருத்தவோ, தின்னவோ, பறிக்கவோ, ஒறுக்கவோ வருவன. லவ்கிராஃப்டின் அண்டம் மனிதனைப் பொருட்படுத்துவதே இல்லை. அங்கு அச்சம் பிறப்பது மருட்கைக்குரிய நிலைக்களன்களிலிருந்து. பெருமையிலிருந்தும் புதுமையிலிருந்தும், அவற்றின்முன் மனிதன் அடையும் சிறுமையிலிருந்தும். பேய்க்கதைக்கும் இவர் கதைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சட்டகம் மேலைத் திறனாய்வில் இருப்பதாகத் தெரியவில்லை.

எதிர்மறையும் காட்சியும்

லவ்கிராஃப்டின் நடையில் முதலில் கண்ணில் படுவது எதிர்மறை அடைகளின் மிகுதி. பெயரிட இயலாத, விளக்க இயலாத, எண்ணிப் பார்க்க இயலாத என அடுக்கிக்கொண்டே செல்வார். 1925இல் வெளிவந்த அவருடைய சிறுகதை ஒன்றின் தலைப்பே 'பெயரிட இயலாதது' என்பதுதான். இவ்வடுக்கு பலமுறை அலுப்பூட்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழில் பெயர்ப்பவருக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் கைகொடுக்கும். 'சொல்லொணா', 'காணா', 'உலவா' என்பன சுருங்கிய வடிவின. ஆங்கில அடைகளின் பளுவைக் குறைப்பன. ஆனால் திரைக்கு இவ்வசதி இல்லை. காட்சிக்கு எதிர்மறை வடிவம் கிடையாது. 'அங்கு விலங்கு இல்லை' எனச் சொல்லலாம். விலங்கு இல்லாமையைப் படம் பிடித்தால் வெற்றுத் தரைதான் தெரியும். 'விளக்க இயலாத உருவம்' என்று எழுதியதைப் படமெடுக்க முனைந்தவுடன் அது விளக்கப்பட்டுவிடுகிறது.

தொடக்ககாலத் தழுவல்கள் இத்தடையைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ரோஜர் கோர்மனின் 'தி ஹான்டட் பேலஸ்' (1963) லவ்கிராஃப்டின் கதையை எடுத்துக்கொண்டு எட்கர் ஆலன் போவின் கவிதைத் தலைப்பைச் சூட்டிக்கொண்டது. வணிகக் காரணம் வெளிப்படை. டேனியல் ஹாலரின் 'டை, மான்ஸ்டர், டை!' (1965) விண்ணிலிருந்து விழுந்த நிறம் பற்றிய கதையைக் கதிரியக்கக் கதையாக மாற்றியது. இவற்றில் பழைய மாளிகையும் குடும்பச் சாபமும் எஞ்சின. அண்டம் காணாமற் போயிற்று.

அந்த நிறக் கதை (1927) தனியே கருதத்தக்கது. விண்கல்லோடு வந்த ஒன்று ஒரு பண்ணையின் நீரையும் பயிரையும் மனிதரையும் அரித்துத் தின்கிறது. அதனை நிறம் என்று அழைப்பதுகூட ஒப்புமை கருதியே என்கிறார் ஆசிரியர். நாமறிந்த நிறமாலையில் அதற்கு இடமில்லை. இதனைத் திரையில் எந்த நிறத்தால் காட்டுவது? ஹுவான் வூ இயக்கிய ஜெர்மானியப் படமான 'டீ ஃபார்பே' (2010) படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் அமைத்து, அந்த ஒன்றை மட்டும் வண்ணத்தில் காட்டியது. ரிச்சர்டு ஸ்டான்லியின் படம் (2019) செங்கருநீலம் கலந்த மெஜந்தாவைத் தேர்ந்தது. மெஜந்தா எந்த ஒற்றை அலைநீளத்திற்கும் உரியதன்று. நிறமாலையின் இரு முனைகளும் கலந்தபோது கண் படைத்துக்கொள்ளும் நிறம். பொருத்தமான தேர்வு எனலாம். எனினும் கண் ஐந்து நிமிடத்தில் அந்நிறத்திற்குப் பழகிவிடுகிறது. முன்னதே வலிமையுடையது. அதில் 'நிறம்' என்னும் வகைப்பாடே அப்படத்தின் உலகிற்கு அயலானது. ஓர் அமைப்பில் இல்லாத கூறு திடீரென அவ்வமைப்பிற்குள் தோன்றுகிறது. இது எதிர்மறைக்கு நிகரான காட்சி இலக்கணம். (தமிழாக்கத்தில் 'நிறம்' என்பதா 'வண்ணம்' என்பதா என்னும் ஐயம் எழக்கூடும். ஓசை, தன்மை ஆகிய பொருள்களும் உடைய 'வண்ணம்' அழகிய சொல். அவ்வழகே இங்குத் தடை.)

மொழிநூலார் கதைகள்

லவ்கிராஃப்டின் நாயகர் பலர் பேராசிரியர்கள், தொல்லியலார், சுவடி படிப்போர். 1928இல் வெளிவந்த 'க்துல்ஹுவின் அழைப்பு' கதையின் நடுப்பகுதி ஒரு மாநாட்டுக் காட்சி. லூசியானா சதுப்பு நிலத்தில் பிடிபட்ட குழுவினரின் ஓதலைக் காவல் அலுவலர் ஒருவர் ஒப்பிக்கிறார். கிரீன்லாந்தில் தாம் ஒலிபெயர்த்து எழுதிவந்த ஓதலோடு அதனை ஒரு பேராசிரியர் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே எனக் காண்கிறார். ஒப்பீட்டு மொழியியலின் நடைமுறையே அச்சத்தின் திறவுகோலாகிறது. அந்தப் பெயரின் ஒலியைப் பற்றி லவ்கிராஃப்ட் தம் மடல்களில் விளக்கியுள்ளார்: மனிதரின் பேச்சுறுப்புகளுக்கு உரியதல்லாத ஒலியை மனித எழுத்தில் தோராயமாகக் குறிக்கும் முயற்சியே அது. தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. 'கதுலு' என உயிரேற்றித் தமிழ்ப்படுத்துவோர் மரபைக் காக்கின்றனர்; பெயரின் நோக்கத்தை இழக்கின்றனர். 'க்துல்ஹு' என மரபை மீறி எழுதுவதே இங்கு மூலத்திற்கு உண்மையானது. நாவில் அமையாமையே அச்சொல்லின் பொருள்.

'மேட்னஸ் மலைகளில்' எனச் சொல்லத்தக்க நெடுங்கதை 1931இல் எழுதப்பட்டு, ஓர் இதழால் மறுக்கப்பட்டு, 1936இல் 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' இதழில் தொடராக வந்தது. அன்டார்க்டிகாவில் பனிக்கடியில் தொல்லுயிர்களின் நகரத்தைக் காணும் ஆய்வாளர் இருவர், அங்குள்ள சுவர்ச் சிற்பங்களைப் படித்து அவ்வினத்தின் வரலாற்றை அறிகின்றனர். கதை முழுவதும் அடுத்த பயணக்குழுவைத் தடுக்க எழுதப்பட்ட எச்சரிக்கை மடல் வடிவில் அமைந்துள்ளது. லவ்கிராஃப்ட் எதையும் விளக்குவதில்லை என்னும் பொதுக்கருத்து இக்கதையில் பொய்க்கிறது. தொல்லுயிரின் உடல் ஏறத்தாழ ஆறடி நீளம் எனத் தொடங்கி உறுப்பு உறுப்பாக வானொலிச் செய்தி நடையில் அளந்து தரப்படுகிறது. அளவை முடிந்தபின்னும் அது இன்னதென்று விளங்காமையே அச்சம். இன்னொன்றும் நிகழ்கிறது. சிற்பங்களைப் படித்து முடித்த நிலையில், அத்தொல்லுயிர்களையும் மனிதராகவே கருதும் இரக்கம் கதைசொல்லிக்கு வந்துவிடுகிறது. அஃறிணையாகத் தொடங்கியது உயர்திணையாக முடிகிறது. படித்தறிதலால் நிகழ்ந்த திணைமாற்றம் இது.

இவ்விரக்கத்தை அவர் மனிதர்க்கு எப்போதும் வழங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சதுப்பு நில ஓதலை ஓதுவோரைக் கலப்பினத்தார், கடலோடிகள் என இழிவுதோன்றவே வருணிக்கிறார். நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த காலத்தில் எழுதி 1927இல் வெளியிட்ட 'ரெட் ஹுக்கின் கொடூரம்' கதையில் வெளிநாட்டுக் குடியேறிகளின் பேச்சொலியே அச்சப்பொருளாகிறது. புரியாத மொழி பேசுவோர் தீங்கு பேசுகின்றனர் என்னும் இழிந்த கருத்து அவருடைய கற்பனையின் வேர்களில் ஒன்று. பேருந்தில் ஏறினாலே மூன்று மொழிகளைக் கேட்கும் இந்திய வாசகர்க்கு இவ்வச்சம் சற்று விந்தையாகவே தோன்றும். திரைப்படங்கள் இவ்வேரை என்ன செய்தன என்பதே அவற்றின் தகுதியை அளக்கும் கோலாகும்.

அது வந்ததா, அவன் வந்தானா?

1938 ஆகஸ்டில், அதே இதழில், அதன் ஆசிரியர் ஜான் டபிள்யூ. காம்பெல் 'டான் ஏ. ஸ்டூவர்ட்' என்னும் புனைபெயரில் 'அங்கே போவது யார்?' என்ற கதையை எழுதினார். மீண்டும் அன்டார்க்டிகா, மீண்டும் பனிக்கடியில் ஓர் அயல் உயிர். இது தான் விழுங்கிய உயிரின் உருவத்தையும் பேச்சையும் முற்றாக மேற்கொள்ளும். 1951இல் ஹவர்டு ஹாக்ஸ் தயாரிப்பில் கிறிஸ்டியன் நைபி இயக்கிய படம் கதையை வடமுனைப் பகுதிக்கு மாற்றி, உருமாறும் ஆற்றலை நீக்கி, அயலுயிரை நடமாடும் தாவரமாக்கியது. சுறுசுறுப்பான படம், ஆனால் நம் ஆய்வுக்கு அதில் ஒன்றுமில்லை. ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' (1982) காம்பெல்லின் கருவை மீட்டது.

அப்படத்தின் முதற்காட்சி மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் காணவேண்டியது. நார்வே நாட்டு நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் வந்தவர்கள் ஒரு நாயைத் துரத்திச் சுடுகின்றனர். நாய் அமெரிக்க நிலையத்திற்குள் நுழைந்துவிடுகிறது. எஞ்சிய நார்வேக்காரர் துப்பாக்கியுடன் நார்வேஜிய மொழியில் கத்திக்கொண்டே வருகிறார். அவர் சொல்வது எவருக்கும் புரியவில்லை. நிலையத் தலைவர் அவரைச் சுட்டுக் கொல்கிறார். அவர் கத்தியது, அது நாயன்று, நாயைப்போல் நடிக்கும் வேறொன்று, விலகிப் போங்கள் என்பதுதான். படத்தின் மறைபொருள் முழுவதும் முதற்சில நிமிடங்களிலேயே உரக்கச் சொல்லப்பட்டுவிடுகிறது. துணைத்தலைப்பு மட்டும் இல்லை. புரியாத மொழியில் கத்தும் அயலாரே ஆபத்து என்னும் லவ்கிராஃப்டின் கருத்து இங்குத் தலைகீழாகிறது. ஆபத்து அயல்மொழியில் இல்லை. அதனைக் கேட்டறியாமையில் இருக்கிறது. உண்மையான ஆபத்தோ பின்னர் வழுவற்ற ஆங்கிலத்தில் பேசுகிறது. இக்காட்சிக்குத் துணைத்தலைப்பு இடுவோர், எந்த மொழியிலாயினும், படத்தைக் கெடுப்பவரே ஆவர்.

தமிழாக்கத்தில் இப்படம் தரும் சிக்கல் சுவையானது. ஆங்கிலத்தில் ஒருவன் மனிதனா, போலியா என்னும் ஐயம் படர்க்கைப் பெயர்ச்சொல்லில் மட்டுமே வெளிப்படும். தமிழிலோ ஒவ்வொரு படர்க்கை வினைமுற்றும் திணையை அறிவித்தாக வேண்டும்: வந்தானா, வந்ததா? பேசுவோர் எதைச் சொன்னாலும் தீர்ப்புச் சொல்லிவிட்டவராகின்றனர். முன்னிலை இருதிணைக்கும் பொதுவாதலின், ஐயத்திற்குரியவனோடு பேசலாம். அவனைப்பற்றிப் பேசுவதே இடர். தன்மையின் நிலை இன்னும் நுட்பமானது. தன்மை வினையைத் தொல்காப்பியர் உயர்திணை வினைகளோடு வைத்தார். நன்னூலார் இருதிணைக்கும் பொதுவாக்கினார். போலி 'நான் மனிதன்' என்று சொல்லும்போது கார்ப்பென்டரின் படம் நன்னூலார் பக்கம் நிற்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தலைப்பும் இவ்வாறே. 'பொருள்' என்பது அகராதிப்படி சரி. ஆனால் அச்சொல் அர்த்தத்தையும் செல்வத்தையும் உடன் அழைத்துவரும். 'அது' எனில் அஃறிணை என முடிவு கட்டியாயிற்று. கிளவியாக்கத்தில் ஒரு வழியுண்டு. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ எனத் திணையில் ஐயம் எழுந்தவிடத்து 'உரு' என்னும் பொதுச்சொல்லால் சொல்லலாம் என்பது தொல்காப்பிய விதி. திணையறியாப் பொருளுக்கென்று இலக்கணம் ஒதுக்கிவைத்த சொல் அது. இப்படத்திற்கு 'உரு' என்பதே தமிழ்த் தலைப்பாக வேண்டும் என்பது எம் பரிந்துரை.

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) பற்றி இதுவரை நிறையவே எழுதப்பட்டுள்ளது. கதாசிரியர் டான் ஓபன்னன் லவ்கிராஃப்டில் தோய்ந்தவர்; பின்னர் 1991இல் அவருடைய நெடுங்கதை ஒன்றைத் தாமே படமாக்கினார். அயலுயிரை வடிவமைத்த எச்.ஆர். கீகரின் ஓவியத் தொகுதி (1977) லவ்கிராஃப்ட் கற்பனை செய்த நூலின் பெயரான 'நெக்ரோனோமிகான்' என்பதையே தாங்கியிருந்தது. இவ்வுறவுகள் யாவரும் அறிந்தவை. குறைவாகக் கவனிக்கப்பட்டது கதைப்பின்னலின் ஒரு கண்ணி. அறியாக் கோளிலிருந்து வரும் குறிப்பொலியை உதவிக்குரல் எனக் கருதிக் கப்பல் இறங்குகிறது. ஆய்வுக்குழு வெளியே சென்ற பின்னரே, அக்குறிப்பொலியின் ஒரு பகுதியைப் பிரித்தறிந்த ரிப்ளி, அது எச்சரிக்கை போலத் தோன்றுகிறது என்கிறாள். மொழிபெயர்ப்பு முடிகிறது, காலம் கடந்துவிட்டது. 1936ஆம் ஆண்டு நெடுங்கதையின் எச்சரிக்கை மடலும் 1982ஆம் ஆண்டு நார்வேஜியக் கூச்சலும் இக்குறிப்பொலியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பற்றுக்கைகளைவிட இதுவே லவ்கிராஃப்டின் உறுதியான கொடை.

பால் ஆண்டர்சனின் 'ஈவண்ட் ஹொரைசன்' (1997) இதே உத்தியை வெளிப்படையாகவே கையாண்டது. காணாமற்போன விண்கலத்திலிருந்து வந்த இலத்தீன் ஒலிப்பதிவை 'என்னைக் காப்பாற்று' எனப் பொருள்கொண்டு செல்கின்றனர். பின்னரே அது 'உன்னைக் காத்துக்கொள்' என்றும், நரகத்திலிருந்து என்றும் திருத்தமாகிறது. உத்தி நன்று, விடை ஏமாற்றம். நரகம் என்று பெயரிட்டவுடன் தண்டனை, பாவம், தீர்ப்பு என்னும் பழைய சொற்களனைத்தும் வந்துவிடுகின்றன. தொல்காப்பியர் சட்டகத்தில், இறையால் வரும் அச்சமாக அது சுருங்கிவிடுகிறது.

குரலைப் போலச்செய்தல்

1936ஆம் ஆண்டு நெடுங்கதையின் இறுதிப் பகுதியில் சுரங்கவழியில் ஒரு குழலோசை கேட்கிறது. ஆய்வாளர் அதனைத் தொல்லுயிர்களின் குரல் என எண்ணுகின்றனர். அவற்றின் அடிமைகளாயிருந்து எழுந்த ஷாகத்துகள் என்னும் உருவற்ற உயிர்களுக்குத் தமக்கெனக் குரலில்லை. அழிந்த தம் தலைவர்களின் ஒலியை மட்டுமே அவை திருப்பி ஒலிக்கும். அவ்வொலியையும் லவ்கிராஃப்ட் போவின் 1838ஆம் ஆண்டு நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது பொருத்தமான முரண். அவருடைய குரலும் அவ்விடத்தில் கடன் குரலே.

இக்கருத்தின் மிகச் சிறந்த திரைவடிவம் அலெக்ஸ் கார்லண்டின் 'அனைஹிலேஷன்' (2018) படத்தில் உள்ளது. மரபணுக்கள் ஒன்றோடொன்று கலந்து சிதறும் பகுதிக்குள் சென்ற ஐந்து பெண்களில் ஒருத்தியைக் கரடி போன்ற விலங்கு கொன்றுவிடுகிறது. பின்னர் இரவில் வெளியே அவளுடைய குரல் உதவி கேட்டு ஒலிக்கிறது. தோழி ஓடுகிறாள். உள்ளே வருவது அவ்விலங்கு. அதன் வாயிலிருந்து, இறந்தவளின் இறுதிக் கூக்குரல் வருகிறது. காட்டப்படும் விலங்கினால் விளையும் அச்சம் சிறிது. சொல் இருந்து சொல்வோர் இல்லாமையால் விளைவதே பெரிது. குறிப்பானும் குறிப்பீடும் பிரிந்து நிற்கும் நிலை இது. காட்சியால் எய்த முடியாத எதிர்மறையை ஒலியால் எய்தியுள்ளார் இயக்குநர்.

புரிந்தபின்

இதுவரை கண்டவை மொழிபெயர்ப்பு தாழ்ந்து வந்த கதைகள். உரிய நேரத்தில் வந்தால் என்னாகும்? கில்லெர்மோ டெல் டோரோ நெடுங்காலம் திட்டமிட்ட அன்டார்க்டிக் நெடுங்கதைப் படத்தை 2011இல் யுனிவர்சல் நிறுவனம் கைவிட்டது. மறு ஆண்டு வெளிவந்த ஸ்காட்டின் 'பிரொமீதியஸ்' (2012) தம் கருவுக்கு மிக நெருங்கியது என டெல் டோரோவே கருதினார். மனிதரைப் படைத்தோரைத் தேடிச்செல்லும் அப்படத்தில் மொழியியலாரின் இடத்தில் டேவிட் என்னும் இயந்திர மனிதன் இருக்கிறான். பயணத்தின்போது அவன் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியைக் கற்கிறான். ஆகஸ்ட் ஷ்லைகர் 1868இல் அம்மொழியில் மீட்டமைத்த நீதிக்கதையை ஒப்பிக்கிறான். படைத்தவனை எழுப்பியபின் அவனிடம் பிழையறப் பேசுகிறான். படைத்தவன் கேட்கிறான், டேவிட்டின் தலையை மெல்லத் தடவுகிறான், பின்னர் அதனைப் பிய்த்தெறிகிறான். அவ்வுரையாடலுக்குத் துணைத்தலைப்பு இல்லை. திரைக்கதையில் குறைகள் பல உண்டு. ஆனால் இவ்வொரு காட்சியில் லவ்கிராஃப்டின் அண்டம் முழுமையாக நிற்கிறது. மொழி புரிந்தது; புரிந்ததனால் பயனில்லை. மீட்டமைப்பு வெற்றிபெற்ற இடத்திலேயே மொழியியலார் தலை உருளும் படம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது டெனி வில்னெவ்வின் 'அரைவல்' (2016). டெட் சியாங்கின் 1998ஆம் ஆண்டுக் கதையைத் தழுவியது. படத்தில் வரும் அயலுயிர்கள் பேரண்ட அச்ச மரபின் நேர் வாரிசுகள்: பேருருவம், ஏழு நீள்கைகள், மூடுபனிக்குப் பின்னால் பாதி மட்டுமே புலப்படும் உடல், எந்த மனித மொழியையும் ஒவ்வாத ஒலி. மூடுபனி சியாங்கின் கதையில் இல்லை; அது திரை மரபிலிருந்து வந்தது. பார்வையாளர் அஞ்சுவதற்கான எல்லாம் அடுக்கப்பட்டபின், மொழியியலாரான லூயிஸ் பேங்க்ஸ் ஒரு வெள்ளைப் பலகையில் 'மனிதர்' என்று எழுதிக் காட்டுகிறாள். அந்த எளிய களப்பணிச் செயலோடு படம் மரபிலிருந்து விலகுகிறது. புரியாத மொழி பேசும் உருவம் பகையன்று. கற்பிக்கவும் கற்கவும் வந்தது. லவ்கிராஃப்ட் தொல்லுயிர்களுக்கு வழங்கி, புரூக்ளின் குடியேறிகளுக்கு வழங்க மறுத்த திணைமாற்றத்தை இப்படம் தயக்கமின்றி வழங்குகிறது.

ஆனால் அச்சம் அங்கும் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. அயலுயிர்கள் வரைந்த வட்டக் குறியொன்றை 'ஆயுதம் அளிக்கிறோம்' எனப் படித்தவுடன் உலக நாடுகள் போருக்கு ஆயத்தமாகின்றன. அக்குறி 'கருவி' என்றும் பொருள்படலாம் என்று வாதிடுகிறாள் லூயிஸ். விளையாட்டுகளின் வழியே மொழி கற்பித்த நாட்டினர் எல்லாவற்றையும் வெற்றி தோல்வியாகவே கேட்பர் என்றும் அவள் சுட்டுகிறாள். தமிழில் துணைத்தலைப்பு எழுதுவோர் இவ்விடத்தில் தாமும் ஒரு முடிவு செய்தாக வேண்டும். தொடக்கத்திலேயே 'ஆயுதம்' என்று எழுதினால் படைத்தலைவர்கள் கேட்டதையே நாமும் கேட்போம்; பின்வரும் திருத்தம் திருத்தமாகவே விளங்கும். தமிழில் 'கருவி' என்பதோ உழவனின் கையிலும் இருக்கும், 'படை' என்னும் முன்னொட்டோடு வீரனின் கையிலும் இருக்கும். முதலில் 'படைக்கருவி' எனப் பெயர்த்து, லூயிஸின் வாதத்தின்போது முன்னொட்டை மட்டும் நீக்கினால் போதும்.